பதினோரு மணி மேடு

காற்றில் அமோனியா கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு பிளாஸ்டிக்கைச் செய்வதுதான் என் ஆராய்ச்சி. ஆராய்ச்சியைவிட அதை வீட்டில் விளங்கவைப்பது பெரும்பாடாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். தாத்தா காலம் வரை எங்கள் ஆட்கள் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். அப்பா மில்லுக்குப் போனார். அம்மா சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் எம்.எஸ்ஸி. முடித்ததும் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். இன்னும் நாலு வருடம் படிக்கப் போகிறேன் என்றதும் அந்த மூச்சு அப்படியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா என்னைச் சபை ஆயர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆயர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் பாலிமர் என்று தொடங்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"பிளாஸ்டிக்குங்க ஐயா. நம்ம மூக்கு மாதிரியே மோந்து பாத்துச் சொல்லிப்போடுமாமுங்க."

ஆயர் சற்று யோசித்தார். பிறகு என் தலையில் கைவைத்து, மோப்பம் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக்கையும் அதைச் செய்யும் பிள்ளையையும் ஆசீர்வதிக்கும்படி ஜெபித்தார். அம்மா சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று அப்போதே தோன்றியது. பின்னாளில் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நாற்பது பக்கத்தில் நான் சொன்னதும் அதுதான்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அனிலின் என்று எண்ணெய் போல ஒரு திரவம். அதைக் காய்ச்சி வடித்து அமிலத்தில் கலந்து, சுற்றிலும் ஐஸ் அடுக்கி, இன்னொரு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு நீலம் ஓடும். அதன்பின் கரும்பச்சையாகும். அதற்குள் ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்திவைத்தால் அதன்மேல் பச்சையாக மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பாலிஅனிலின். மற்ற பிளாஸ்டிக்குகளைப் போல இல்லாமல் இது மின்சாரத்தைக் கடத்தும். அமோனியா பட்டால், அமிலத்திடமிருந்து இது வாங்கி வைத்திருக்கும் புரோட்டான்களை அமோனியா பிடுங்கிக்கொள்ளும். உடனே மின்சாரம் ஓடுவது குறையும், மின்தடை ஏறும், பச்சை மெல்ல நீலமாகும். நல்ல காற்றில் வைத்தால் அமோனியா விலகி மறுபடி பச்சையாகும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஐஸுக்கு நான் உக்கடம் வரை போகவேண்டும். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் கடையில் ஒரு கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்புவேன். பக்கத்தில் உட்காரும் பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, "என்ன மீனுங்க அம்மணி" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொன்னேன். பிறகு மத்தி என்று சொல்லிவிடுவேன்.

விரல்கள் எப்போதும் பச்சையாகவே இருந்தன. சோப்புக்கும் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், நான் நீட்டிய காப்பித் தட்டைவிட அதைப் பிடித்திருந்த நகங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். "மருதாணி இப்ப இந்தக் கலர்லயும் வருதுங்களா" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அம்மா ஆமாங்க என்றார். அந்த வீட்டிலிருந்து பிறகு தகவல் இல்லை. ஆராய்ச்சிக்காகச் செய்த தியாகம் என்று நான் அதைச் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் அந்த மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது விரல்களைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

என் அறை கல்லூரியின் பழைய கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தது. மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் படலம். அதன் இரு முனையிலும் ஒட்டிய கம்பிகள் ஒரு பதிவுக் கருவிக்குப் போகும். அந்தக் கருவியில் ஒரு காகிதச் சுருள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு பேனா அதன்மேல் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். மின்தடை ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். நான் வேண்டுமென்றே பெட்டிக்குள் கொஞ்சம் அமோனியா விட்டு, கோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து எழுதவேண்டும். மற்ற நேரமெல்லாம் பெட்டி வழியாக அறைக் காற்று ஓடும். அப்போது கோடு தரையில் விரித்த பாய்போலப் படுத்திருக்கவேண்டும்.

படுக்கவில்லை. தினமும் காலை பதினோரு மணி வாக்கில், நான் அமோனியா பாட்டிலைத் தொடாமலே, கோடு தானாக ஏறியது. ஒரு மணி நேரம் மேலேயே இருந்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கியது. மூன்று மணிக்கு மறுபடி சின்னதாக ஒரு ஏற்றம். முதல் வாரம் சிரித்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் நோட்டில் அதற்கு மேடு என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அது வீட்டில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமைக்காரர், அதிகம் பேசமாட்டார். சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வர்றியா?"

"ஆமாங்க சார்."

"பெட்டிக்கிட்ட குனிஞ்சு பாக்கறப்ப அதுகூட ஒரு காரணமா இருக்கலாம்."

அன்றிலிருந்து எட்டு மாதம் நான் தேங்காயெண்ணெய் வைக்கவில்லை. பரட்டைத் தலையோடு சர்ச்சுக்குப் போனேன். அம்மா வருத்தப்பட்டார். மேடு வருத்தப்படவில்லை, அது பதினோரு மணிக்கு வந்துவிட்டது.

அடுத்து ஈரத்தைச் சந்தேகித்தேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோயம்புத்தூரையே நனைத்த துணிபோல ஆக்கிவிடும். பாலிஅனிலினுக்கு ஈரம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காற்று வழியில் ஈரத்தை உறிஞ்சும் உருண்டைகள் நிரப்பிய குழாய் ஒன்றை வைத்தேன். மேடு வந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈரம் பட்டால் பாலிஅனிலினில் மின்சாரம் நன்றாக ஓடும், அதாவது கோடு இறங்கவேண்டும். என் மேடோ ஏறுகிறது. இது ஒன்றே ஈரம் காரணமில்லை என்று சொல்லப் போதும். நான் என்ன செய்தேன் என்றால், "ஈரம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது" என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

பிறகு மின்சாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு வருவதில்லை என்று கண்டுபிடித்திருந்தேன். கல்லூரியில் மோட்டார்கள் ஓடாத நாள், அதனால் கரண்ட் சீராக வருகிறது என்று முடிவுகட்டி, ஸ்டெபிலைசர் கேட்டு விண்ணப்பம் எழுதி, நாலு மாதம் காத்திருந்தேன். ஒன்று வந்தது. மேடும் வந்தது. மாணவர்கள் கடைசி வருட ப்ராஜெக்ட் கொடுக்கும் பங்குனி மாதத்தில் மேடு மலையாகி, மாலை ஐந்து வரை இறங்காமல் நின்றது. வெயில் என்று எழுதினேன்.

இதற்கிடையே பாலிமரைத்தான் அதிகமாகத் திட்டினேன். பதினாலு தடவை புதிதாகச் செய்தேன். அமிலத்தை மாற்றினேன், வேறு பாலிமரோடு கலந்து படலத்தைத் தடிமனாக்கினேன், பிறகு மெலிதாக்கினேன். மெலிதான படலத்தில் மேடு இன்னும் உயரமாக வந்தது. நல்ல படலம் என்றால் சின்ன அளவு அமோனியாவுக்குக்கூட அதிகமாக ஏறவேண்டும். என் படலம் நன்றாகிக்கொண்டே வந்தது. நான் அதைக் கெட்டுப்போவதாக எழுதிக்கொண்டே வந்தேன்.

எங்கள் அறைக்கு நேர் கீழே தரைத்தளத்தில் சிவில் துறையின் பிரிண்ட் ரூம் இருந்தது. கட்டட வரைபடங்களுக்கு நகல் எடுத்துக்கொடுக்கும் இடம். அங்கே வேலை செய்தவருக்கு நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியாக, எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் மாடி வராந்தாவுக்கு டீ டம்ளரோடு ஏறிவருவார். "மேல காத்து நல்லா வருதுங்க அம்மணி" என்பார். ஏறும்போது பாதிப்படியில் நின்று இருமுவார். அந்த இருமலைக் கேட்டால் மணி பத்தேமுக்கால் என்று தெரியும். அவர் பீடி குடிக்கிறவர் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். ஒரு தடவைகூட அவர் கையில் பீடியைப் பார்த்ததில்லை.

இரண்டாம் வருடம், கருவியை வெளியே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். கோழி எச்சத்திலிருந்து அமோனியா எழும். அவருக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் வரச்சொன்னார். பேட்டரி, மீட்டர், படலம் எல்லாவற்றையும் ஒரு ஒயர்கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பஸ்ஸில் போய் இறங்கினேன். பண்ணைக்காரர் வெள்ளை வேட்டியும் செருப்புமாக வாசலில் காத்திருந்தார். என்னைவிடக் கூடையை அதிக மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. படலத்தை வெளியே எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் பச்சை போய் நீலமானது. மீட்டர் முள் ஓரத்துக்குப் போய் அங்கேயே சாய்ந்துகொண்டது.

"கலரு மாறுதுங்களே. நல்லாருக்குதுங்க" என்றார் அவர். "எவ்வளவு இருக்குதுன்னு சொல்லுமுங்களா?"

"நிறைய இருக்குதுங்க."

"அதுங்க, நிறையத்தானுங்க இருக்குது. உள்ள வந்தா கண்ணு எரியுதுங்களே." ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "இன்னொருக்கா காட்டுங்க, வெளிய கொண்டுபோயி மறுபடி பச்சையாக்கி."

வெளியே கொண்டுபோனோம். வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். மோர் கொடுத்தார்கள். படலம் நீலமாகவே இருந்தது. அதிக அமோனியாவை ஒரேயடியாகக் குடித்துவிட்டு மூர்ச்சையாகிவிட்டது. பண்ணைக்காரர் நாலு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று கோழித் தீவன விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கிளம்பும்போது கூடையில் ஒரு டஜன் முட்டை வைத்துக் கொடுத்தார். பஸ் குலுக்கலில் இரண்டு உடைந்து மீட்டருக்குள் இறங்கின. அந்தப் பயணத்தின் அறிக்கையில் "கருவி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செயல்பட்டது" என்று எழுதினேன்.

மூன்றாம் வருடத்தின் நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. மேடு நின்றது. திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை. கோடு பாய்போலப் படுத்திருந்தது. பதினாலாவது தடவை செய்த படலம் அது. இரவு பகலாக யோசித்து அதில் ஒரு கந்தக அமிலத்தைச் சேர்த்திருந்தேன். அதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு முதல்முறையாக எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்டுரை எழுதச் சொன்னார். பாலிமரின் குறையை நீக்கும் புதிய வழி என்று தலைப்பு வைத்தேன். துறைக் கருத்தரங்கில் பழைய சுருளையும் புதிய சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, கையில் குச்சியோடு அரை மணி நேரம் பேசினேன். மேடுகளைக் காட்டி, "இதெல்லாம் நோய், இது குணமானபின்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. கை தட்டினார்கள். அம்மா அந்த ஞாயிறு சர்ச்சில் சாட்சி சொன்னார், பிளாஸ்டிக் சரியாகிவிட்டது என்று.

அடுத்த வியாழன் பதினோரு மணிக்கு மேடு வந்தது. பழைய உயரம், பழைய வடிவம்.

அன்று மாலை மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அழவில்லை என்று சொல்லலாம், ஆனால் துப்பட்டா நனைந்திருந்தது. பிரிண்ட் ரூம் அண்ணன் டீயோடு ஏறிவந்தவர் நின்றார்.

"என்னங்க அம்மணி, இப்படிப் படியில உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்ணா. மெசின் கோளாறு."

"அட, எல்லாருக்கும் அதேதானுங்க. என்ற மெசினுங்கூட ரெண்டு வாரமா படுத்துக் கெடந்துச்சுங்க. நேத்துத்தான் ஆள் வந்து சரிபண்ணிப்போட்டுப் போனானுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்னிடம் சொல்ல முடியாது. நான் தலையாட்டி, "பாருங்ணா, எல்லா மெசினும் ஒரே நேரத்துல பழிவாங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பதினைந்தாவது படலத்துக்கு ஐஸ் வாங்கக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் பேராசிரியருக்கு ஒரு வரைபடக் கட்டைக் கொண்டுவந்தார். எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு அறை கட்டும் திட்டம் அது. பேராசிரியர் இல்லை. கட்டை என் மேஜைமேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சுடச்சுட எடுத்துவந்த காகிதங்கள். பேனா அசைந்தது. மேலே போகத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி ஒன்றரை. மேடு வருகிற நேரமே இல்லை.

"அண்ணா, அதை எடுத்துட்டு வெளிய போயி நில்லுங்ணா."

அவர் ஏதோ தப்பு செய்துவிட்டது போலப் பயந்து கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பேனா இறங்கியது.

"வாங்ணா."

வந்தார். ஏறியது.

இப்படி நாலு தடவை அவரைப் போகச்சொல்லி வரச்சொன்னேன். ஐந்தாம் தடவை, "அம்மணி, நான் ஏதாவது செஞ்சுபோட்டனுங்களா?" என்று கேட்டார்.

"அண்ணா, உங்க மெசின்ல என்ன ஊத்துவீங்க?"

"அமோனியாதானுங்க. அமோனியா பிரிண்ட்டுன்னுதானுங்க சொல்லுவாங்க" என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

எனக்குத் தெரியும். அமோனியா ஆவி பட்டால்தான் அந்த நகல் தாளில் கோடுகள் எழும். ஊரில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். நகல் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். நானே ஒருமுறை மாமா வீட்டு பிளானுக்கு அமோனியா பிரிண்ட் எடுத்துவரப் போயிருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த முதல் நாள் மூக்கில் ஏறிய நெடியைப் பழைய கட்டடத்தின் வாசம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அதுவும் தெரியாமல் போனது. அமோனியாவைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி மாணவி, இரண்டரை வருடம் அமோனியாவுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, அமோனியா எங்கிருந்தோ வருகிறது என்று சொன்ன கருவியை நம்பாமல் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

அன்றுதான் முதல்முறையாகக் கீழே பிரிண்ட் ரூமுக்குள் போனேன். நகல் தாளில் வெளிச்சம் படக்கூடாது என்று இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்கள். மூலையில் இயந்திரம், பக்கத்தில் அமோனியா ஜாடி, ஜாடியிலிருந்து ஒரு குழாய். மேலே கூரையோரம் ஒரு சதுரத் துவாரம் இருந்தது. அதுதான் அந்த அறைக்கு மூச்சுவிட ஒரே வழி, அதன் மறுமுனை என் ஜன்னலுக்குக் கீழே. எனக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தது. அவர் சாதாரணமாக நின்றார். ஒரு படலத்தைக் கையில் வைத்திருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது நீலமாகிக்கொண்டு வந்தது.

"இதுக்குள்ளாற எப்படீங்ணா இருக்கறீங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் வாசமே இல்லீங்களே" என்றார். "மொதமொத சேந்தப்ப எரிஞ்சுதுங்க. ஒரு மாசத்துல பழகிப்போச்சுங்க. இப்பல்லாம் ஊட்ல கொழம்பு தீஞ்சாக்கூட எனக்குத் தெரியறதில்லீங்க. அவளுக்கு அதுல சௌகரியமுங்க."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"இருமல்?"

"அது ஆறேழு வருசமா இருக்குதுங்க. தூசியாலன்னு டாக்டர் சொன்னாருங்க."

"பீடி கீடி?"

"அய்யோ, அந்தப் பழக்கமே இல்லீங்க அம்மணி."

மேலே வந்தேன். இரண்டரை வருடச் சுருள்களை அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இதுவரை நான் மேடு என்று எழுதி அடித்துவிட்ட ஒவ்வொன்றும் கீழே ஒரு மனிதர் அமோனியாவை மூச்சில் இழுத்த நேரம். பங்குனி மாத மலைகள் எல்லாம், ப்ராஜெக்ட் வரைபடங்களுக்காக அவர் காலையிலிருந்து மாலை வரை கதவைச் சாத்திக்கொண்டு நின்ற நாட்கள். வெயில் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. பல்லடத்துப் பண்ணைக்காரருக்கு என் கருவி தேவைப்படவில்லை, அவருக்குக் கண் எரிந்தது. எரியாமல் போன ஒருவர் தினமும் என் அறை வாசலில் நின்று டீ குடித்துவிட்டுப் போனார். அவர் படியேறுவதை வைத்து நான் மணி பார்த்தேன்.

பேராசிரியரிடம் சொல்லவேண்டியிருந்தது. கட்டுரையை அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டரை வருஷமா சரியா வேலை செஞ்ச ஒண்ண நாம ரிப்பேர் பண்ணிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

நாம என்று அவர் சொன்னதற்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினோம். அதற்கும் அவர்தான் வாசகம் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, "ஆய்வாளர் பிழை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆய்வாளர்கள் பிழை" என்று மாற்றினார்.

பிரிண்ட் ரூமுக்குக் காற்றாடி கேட்டுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். அலுவலகக் கண்காணிப்பாளர் ஆதாரம் கேட்டார். நான் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையிலிருந்து வாசல் வரை தரையில் விரித்தேன். எழுத்தர்கள் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

"இதுல என்னங்க தெரியுது?"

"ஒவ்வொரு மேடும் கீழ ரூம்ல அமோனியா இருந்த நேரமுங்க."

"இந்த மேட்டப் பத்திப் போன மாசம் கருத்தரங்குல நீங்க வேற என்னமோ சொன்னீங்களாமே. பாலிமரோட வியாதின்னு."

கோயம்புத்தூரில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அன்று தெரிந்தது. "தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க" என்றேன். அங்கே இருந்த ஆறேழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒருத்தி அப்படிச் சொல்லி அவர்கள் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. கண்காணிப்பாளர் கோப்பில் ஒரு வரி எழுதி உள்ளே அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் ஆள் வந்து ஜன்னல் பலகையைப் பிடுங்கி, கறுப்புத் திரை மாட்டி, சுவரில் ஓட்டை போட்டு, வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்றைப் பொருத்தினார்கள். நான் நேரில் நின்று பார்த்தேன். காற்றாடியின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு என் பேனா காகிதத்தின் மேல் ஓரம் வரை போய் மோதி நின்றது. கீழே இருந்த அமோனியாவை எல்லாம் அது வாரி என் ஜன்னலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. மறுபடி அலுவலகம், மறுபடி விண்ணப்பம். இந்தத் தடவை கண்காணிப்பாளர் சுருளைப் பிரிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். தகரக் குழாய் ஒன்று வைத்து மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோனார்கள். அதன்பிறகுதான் கோடு படுத்தது. காற்றாடிக்கு முன், காற்றாடிக்குப் பின், குழாய்க்குப் பின் என்று மூன்று சுருள்கள் என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் ஆயின. அந்த ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான்.

அண்ணனை நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டினார்கள். ஒரு மாதம் விடுப்பில் இருக்கச் சொன்னார். விடுப்பு முடிந்து வந்த அன்று பிரிண்ட் ரூமுக்குள் போனவர் அரை நிமிடத்தில் வெளியே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சுங்ணா?"

"நாறுதுங்க அம்மணி" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "தாங்க முடியலீங்க. இதுக்குள்ளாறயா இத்தன வருசம் இருந்தேன்?"

அவர் விண்ணப்பம் கொடுத்து நூலகத்துக்கு மாறிப்போனார். இருமல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மழைக்காலத்தில் நூலகத்துக்குள் கேட்கும். பிரிண்ட் ரூமுக்கு வேறொருவர் வந்தார். அவரிடம் முதல் நாளே போய், அறையில் வாசம் தெரியாமல் போனால் உடனே சொல்லுங்கள் என்றேன். "வாசம் தெரியாட்டி நல்லதுதானுங்களே" என்றார் அவர். உட்கார்ந்து விளக்கினேன். எனக்கே அது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் விளக்கினேன்.

என் கருவி கடைக்கு வரவே இல்லை. படலங்கள் சில வாரத்தில் தளர்ந்துபோயின, ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கவேண்டியிருந்தது, என்னைப் போலவே அவையும் சொன்னபடி இருப்பதில்லை. வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நாலாவது அத்தியாயத்தைப் புரட்டி, இந்தக் கருவி அறைக் காற்றில் காட்டியதை எத்தனை நாளில் உறுதிசெய்தீர்கள் என்று கேட்டார்.

"இரண்டரை வருடம், சார்" என்றேன்.

அவர் மிகக் கவனமான ஆய்வு என்று பாராட்டினார். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். திருத்தியிருக்க வேண்டும். பட்டம் கையில் வரட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.